முப்பதுகளின் பிரெஞ்சு கார்கள்: சிறு மாதிரிகளைச் சேகரிக்கத் தொடங்கும் ஒருவருக்கு

கேள்வி: பிரான்சில் பணியாற்றி ஓய்வு பெற்றுத் திரும்பிய என் பெரியப்பா, சொலிடோ நிறுவனம் செய்த மூன்று சிறு கார்களை எனக்குக் கொடுத்தார். ஒன்று டெலாஹே, ஒன்று டெலாஜ், மற்றொன்று புகாட்டி. அவற்றைப் பார்த்ததிலிருந்து 1930-களின் பிரெஞ்சு கார் மாதிரிகளைச் சேகரிக்க விரும்புகிறேன். எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது? எவற்றை வாங்குவது? ஒரு மாதிரி சரியாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்பதை எப்படி அறிவது? கடலோர ஊரில் அவற்றை எப்படிப் பாதுகாப்பது?

பதில்:

1930-களில் பாரிசில் ஒரு செல்வந்தர் பெரிய கார் வாங்கிய முறை, இன்று நம் ஊரில் பேருந்து உரிமையாளர் ஒருவர் சேசிஸை வாங்கிக் கரூருக்கு அனுப்பிப் பாடி கட்டிக்கொள்ளும் முறையைப் பெரிதும் ஒத்தது. டெலாஹே, டெலாஜ், டால்போ, ஹிஸ்பானோ-சுய்ஸா போன்ற நிறுவனங்கள் சட்டம், எஞ்சின், கியர் பெட்டி, ரேடியேட்டர் ஆகியவற்றோடு ஓடக்கூடிய ஒரு சேசிஸைக் கொடுத்துவிடும். வாங்கியவர் அதைத் தமக்குப் பிடித்த பட்டறைக்கு அனுப்புவார். அங்கே மரச்சட்டம் அமைத்து, அதன்மேல் அலுமினியம் அல்லது எஃகுத் தகட்டைச் சுத்தியால் தட்டி வளைத்து, அவருடைய விருப்பத்துக்கேற்ற பாடியைக் கட்டித் தருவார்கள். இந்தப் பட்டறைக்காரர்களைப் பிரெஞ்சில் கரோசியே என்பார்கள். ஃபிகோனி-ஃபலாஸ்கி, சவுட்சிக், பூர்த்தூ, ஷாப்ரோன், லெதூர்னர்-மார்ஷான், ஃப்ரானே, வான்வூரன், கெல்னர் என்று அந்தப் பத்தாண்டில் பாரிசைச் சுற்றி இப்படிப் பல பட்டறைகள் இருந்தன.

இதிலிருந்து சேகரிப்பவருக்கு ஒரு முக்கியமான உண்மை கிடைக்கிறது. ஒரே பெயர் கொண்ட இரண்டு கார்கள் ஒரே தோற்றம் கொண்டவை என்று இங்கே சொல்ல முடியாது. ஒரே கார்கூட ஆயுள் முழுவதும் ஒரே தோற்றத்தில் இருந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே, “இது டெலாஹே 135-இன் மாதிரி” என்று எவரேனும் சொன்னால் அது பாதிப் பதில்தான். எந்த சேசிஸ் எண் கொண்ட கார், எந்தப் பட்டறையின் பாடி, எந்த ஆண்டில் இருந்த நிலை என்ற மூன்றும் தெரிந்தால்தான் கையில் இருப்பது என்னவென்று தெரியும். நான் இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொரு மாதிரியிடமும் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. நீங்களும் இதிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புகாட்டி ரோயால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 12.7 லிட்டர் எஞ்சின் பொருத்திய இந்தப் பெருங்கார் முன்மாதிரி உட்பட ஏழு மட்டுமே செய்யப்பட்டது, ஆறு எஞ்சியிருக்கின்றன. 41111 என்ற எண் கொண்ட சேசிஸை 1932-இல் அர்மான் எஸ்தர் என்ற ஆடை உற்பத்தியாளர் வாங்கினார். இரவில் ஓட்டப் போவதில்லை என்பதால் அவருக்கு முகப்பு விளக்குகளே வேண்டாம் என்றாயிற்று. விளக்கில்லாத, நீண்ட, இரண்டு இருக்கைத் திறந்த பாடியை நிறுவனரின் மகன் ஜான் புகாட்டி வரைந்து கொடுத்தார். பின்னர் அந்தப் பாடி அகற்றப்பட்டு, பிண்டர் பட்டறை கட்டிய மூடிய பாடி அதே சேசிஸில் ஏறியது. எஸ்தர் ரோட்ஸ்டர், பிண்டர் கூப்பே ஆகிய இரண்டையும் நீங்கள் அலமாரியில் அடுத்தடுத்து வைத்தால், அங்கே நிற்பது இரண்டு வயதில் எடுத்த ஒரே காரின் இரண்டு உருவங்கள். புகழ்பெற்ற கூப்பே நெப்போலியன்கூட முன்மாதிரியின் சேசிஸ் எண்ணையே தாங்கியிருக்கிறது. பிரான்சின் முலூஸ் நகர அருங்காட்சியகத்தில் கூப்பே நெப்போலியன் இன்றும் நிற்கிறது. எஸ்தர் ரோட்ஸ்டரை மீண்டும் செய்து அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

மாதிரி செய்பவர்கள் மிகுதியாகச் செய்வது புகாட்டி 57-இன் அட்லாண்டிக் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1935-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் புகாட்டி ஏரோலித் என்ற காரை வைத்தது. அதன் மேல்தகடுகள் எலெக்ட்ரான் எனப்பட்ட மெக்னீசியக் கலவையால் ஆனவை. மெக்னீசியத்தைப் பற்றவைப்பது தீப்பிடிக்கும் ஆபத்துள்ள வேலை என்பதால், இரண்டு தகடுகளின் விளிம்புகளையும் வெளியே மடித்து, ஒன்றோடொன்று சேர்த்து ஆணியடித்தார்கள். அந்த மடிப்பு முதுகெலும்பு போல முன்கண்ணாடியின் நடுவிலிருந்து கூரை வழியாக வால் வரை ஓடியது. மட்கார்டுகளின் மேலும் அதே போன்ற மடிப்பு எழுந்தது. அடுத்து வந்த நான்கு அட்லாண்டிக் கார்களும் அலுமினியத்தால் ஆனவை, ஆகவே அந்த மடிப்புக்குத் தேவையே இல்லை. ஆனாலும் ஜான் புகாட்டி அதை விடவில்லை. தொழில்நுட்பத் தேவையாகப் பிறந்த ஒரு கோடு அழகாக நிலைபெற்ற இடம் அது.

நான்கில் முதலாவது 57374. அதை 1936-இல் விக்டர் ராத்ஸ்சைல்டு வாங்கினார். வெள்ளி கலந்த நீல நிறம். இரண்டாவது 57453, ஜான் புகாட்டியே பயன்படுத்திய கறுப்புக் கார். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் காணாமல் போனது, இன்று வரை கிடைக்கவில்லை. மூன்றாவது 57473, 1955-இல் ரயில் கடவையில் ரயில் மோதி நொறுங்கி, நெடுங்காலத்துக்குப் பின் மீட்டெடுக்கப்பட்டது. நான்காவது 57591, இங்கிலாந்தின் வழக்கறிஞர் போப் 1938-இல் வாங்கியது. அவர் வாங்கியபோது அது நீலம். இன்று அமெரிக்க ஆடை வடிவமைப்பாளர் ரால்ஃப் லாரன் வைத்திருக்கும் நிலையில் அது கறுப்பு. இப்போது ஒரு கடையில் கறுப்பு அட்லாண்டிக் மாதிரி ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தொலைந்துபோன காரின் மாதிரியா, லாரனின் காரின் இன்றைய நிலையா என்பதை எண் பலகையும், முகப்பு விளக்குகள் அமர்ந்திருக்கும் இடமும், சக்கரங்களும் சேர்ந்து சொல்ல வேண்டும். அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால், செய்தவர் எந்தக் காரையும் பார்த்துச் செய்யவில்லை, அட்லாண்டிக் என்ற பொதுவான எண்ணத்தைச் செய்திருக்கிறார் என்று பொருள்.

சரியா என்று எப்படி அறிவது என்ற உங்கள் கேள்விக்கு இங்கிருந்தே போகலாம். கண்ணால் பார்த்து “அழகாக இருக்கிறது” என்று சொல்வதற்கு முன், ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்து அச்சிடைத் தூரத்தை அளந்துவிடுங்கள். முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் இடையிலான தூரம் சேசிஸால் முடிவாவது. பாடி கட்டுபவர் பொதுவாக அதை மாற்றுவதில்லை. புகாட்டி 57-க்கு அது 3.30 மீட்டர், அட்லாண்டிக் நிற்கும் தாழ்ந்த 57எஸ் சேசிஸுக்கு 2.98 மீட்டர். 1:43 அளவில், அதாவது நிஜக் காரை 43-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், இவை முறையே 76.7, 69.3 மில்லிமீட்டர் ஆகின்றன. டெலாஹே 135-க்கு 2.95 மீட்டர், அதன் குட்டையான பந்தயச் சேசிஸுக்கு 2.70 மீட்டர், 1:43-இல் 68.6-உம் 62.8-உம். டால்போ-லாகோ டி150சி-எஸ்எஸ்-க்கு 2.65 மீட்டர், அதாவது 1:43-இல் 61.6, 1:18-இல் 147 மில்லிமீட்டர்.

ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒருமுறை குட்டைச் சேசிஸ் டெலாஹே என்று எழுதி விற்ற ஒரு மாதிரியை ஆசையோடு வாங்கி வந்தேன். மேசை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோது கதவு ஏதோ நீண்டு தெரிந்தது, பானெட்டின் விகிதமும் மனதில் ஒட்டவில்லை, ஆனால் குறை எங்கே என்று சொல்ல முடியவில்லை. அளந்தேன்: 68.5 மில்லிமீட்டர். வேறொரு டெலாஹேக்காக முன்பே செய்து வைத்த அடித்தளத்தின் மேல் குட்டைக் காரின் பாடியை நீட்டி உட்கார்த்தியிருக்கிறார்கள். ஆறு மில்லிமீட்டர் என்பது அந்த அளவில் கால் மீட்டருக்குச் சமம். கண் சந்தேகித்ததைக் காலிப்பர் உறுதி செய்தது.

அளவைப் பற்றி. 1:43 என்பது 0 கேஜ் எனப்படும் தண்டவாள அகலத்துப் பொம்மை ரயில்களோடு நிற்பதற்காகச் செய்த கார்களிலிருந்து வழக்கத்துக்கு வந்த அளவு. பிரான்சின் சேகரிப்பு மரபு முழுவதும் இதைச் சுற்றியே வளர்ந்திருப்பதால், இந்தக் கார்களில் பெரும்பான்மையானவை இந்த அளவில்தான் கிடைக்கின்றன. 6.4 மீட்டர் நீளமுள்ள ரோயால் 1:43-இல் சுமார் 15 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். 1:18-இல் அதுவே 35 சென்டிமீட்டரைத் தாண்டி ஓர் அலமாரித் தட்டையே கேட்கும். ஆனால் சிறிய அளவுக்கு ஒரு விலை உண்டு. நிஜக் காரில் ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள குரோமியப் பட்டை 1:43-இல் கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். பெயின்ட் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பாகப் படிந்தால், நிஜக் காரில் நான்கு மில்லிமீட்டர் தடிப்பில் பூசியதற்கு அது சமம். கதவு இடுக்குகள் மூடிக்கொள்ளும், அட்லாண்டிக்கின் மடிப்பு மழுங்கிப் போகும். இந்தக் காலத்துப் பிரெஞ்சு பாடிகளின் உயிர் மெல்லிய விளிம்பில் இருப்பதால், மற்ற கார்களைவிட இவற்றில் இந்தக் குறை உடனே தெரியும். குரோமியப் பட்டைகளை அச்சில் வார்த்து வண்ணம் தீட்டாமல், அமிலத்தால் அரித்து வெட்டிய மெல்லிய உலோகத் தகடாகத் தனியே ஒட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். ஸ்போக் சக்கரங்களுக்கும் அதே சோதனை பொருந்தும்.

என் ஆலோசனை, 1:43-ஐ முதன்மையாக வைத்துக்கொண்டு, மிகவும் நேசிக்கும் இரண்டு மூன்று கார்களை மட்டும் 1:18-இல் வாங்குவது. இரண்டு அளவுகளையும் ஒரே தட்டில் கலந்து வைக்க வேண்டாம். கண் ஒப்பிடத் தொடங்கிவிடும், சிறியவை பொம்மைகளாகத் தோன்றும்.

எவற்றை வாங்குவது என்பதற்கு, தயாரிப்பு நிறுவனத்தின் பெயரால் அடுக்காமல் பாடி கட்டியவரின் பெயரால் அடுக்குங்கள் என்பேன். அப்போதுதான் ஒரு கையெழுத்து எப்படி வளர்கிறது என்பது தட்டின் மீதே தெரியும். இத்தாலியின் பியாசென்சாவில் பிறந்த ஜுசெப்பே ஃபிகோனி, பாரிசை ஒட்டிய புலோன் பகுதியில் பட்டறை வைத்தார்; 1935-இல் ஒவிடியோ ஃபலாஸ்கி பணத்தோடு சேர்ந்தார். 1936 பாரிஸ் கண்காட்சியில் அவர்கள் வைத்த டெலாஹே 135 திறந்த காரில், நான்கு சக்கரங்களையும் மூடிய மட்கார்டுகள் நீர்த்துளிகளைப் போல வால் நீண்டு நின்றன. இளவரசர் அலி கான் அதை வாங்கினார். அதைத் தொடர்ந்து வந்த டால்போ-லாகோ டி150சி-எஸ்எஸ் கூப்பேக்கு நீர்த்துளி என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1937-இல் நியூயார்க் கண்காட்சியில் அறிமுகமானதால் அதன் ஒரு வடிவத்தை நியூயார்க் வகை என்றே அழைக்கிறார்கள். அவற்றுள் ஒன்று கபூர்தலா அரச குடும்பத்து ஸ்டெல்லாவிடம் இருந்தது. இதைப் பந்தயத்துக்கு ஆகாத அலங்காரக் கார் என்று எண்ண வேண்டாம். 1938 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது டால்போவின் இந்த டி150 எஸ்எஸ் கூப்பேதான்.

நீர்த்துளி டால்போவின் மாதிரியைப் பக்கவாட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதைத் தூக்கி, மேலிருந்து பாருங்கள். மூடிய மட்கார்டுக்குள் முன்சக்கரம் திரும்ப இடம் வேண்டும். ஆகவே நிஜக் காரில் அந்த மட்கார்டு வெளிப்புறமாகக் கணிசமாகப் புடைத்து நிற்கிறது, பின்னால் போகப் போக மெலிந்து உடலோடு கலக்கிறது. சுமாரான மாதிரிகளில் இந்தப் புடைப்பைக் குறைத்துவிடுவார்கள். பக்கவாட்டுப் படத்தை மட்டும் பார்த்து வரைந்தால் அப்படித்தான் ஆகும். ஜெர்மனியின் சிஎம்சி நிறுவனம் 1:18-இல் செய்த நீர்த்துளி டால்போவை ஒரு சாளரத்தின் முன் வைத்து மெதுவாகத் திருப்பினால், ஒளிக்கோடு முன் மட்கார்டில் தொடங்கி, கதவில் தாழ்ந்து, பின் மட்கார்டில் மீண்டும் எழுந்து வாலில் கரையும், நடுவில் எங்கும் உடையாது. தகடு தட்டியவரின் கை எங்கே நின்றது, எங்கே நகர்ந்தது என்பதை அந்த ஒளிக்கோடு காட்டுகிறது. இதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எந்த மாதிரியையும் இதே வழியில் சோதிக்கத் தெரிந்துவிடும்.

ஃபிகோனிக்கு நேர் எதிரான மனம் ஜார்ஜ் போலனுடையது. அவர் தொழிலால் பல் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர். ஆனால் கார்க் கூரை முழுவதும் பின்னால் சரிந்து டிக்கிக்குள் மறையும் எக்லிப்ஸ் அமைப்பை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். மார்செல் பூர்த்தூவின் பட்டறையில் அது பெஜோ 401, 601 கார்களில் வடிவம் பெற்றது. பிறகு பெஜோவே 402-இல் அதை விற்றது. அலங்காரத்தைக் குறைத்து, காற்று எப்படி ஓடும் என்று எண்ணி வரைந்தவர் போலன். பாரிசின் பெஜோ விற்பனையாளர் எமில் தார்ல்மாவுக்காக அவர் வரைந்த தாழ்ந்த கார், 1938 லெ மானில் ஐந்தாவதாக வந்தது. 1938-இல் எம்பிரிகோஸ் என்பவருக்காக ஒரு பென்ட்லி சேசிஸின் மேல் அவர் வரைந்து பூர்த்தூ கட்டிய கூப்பே, பதினோரு ஆண்டுகள் கழித்து 1949 லெ மானில் ஓடி ஆறாவதாக முடித்தது. இது ஆங்கிலச் சேசிஸ் ஆயிற்றே, பிரெஞ்சு சேகரிப்பில் சேருமா என்று சிலர் கேட்பார்கள். பாடி கட்டியவரின் பெயரால் அடுக்கினால் தயக்கமே வேண்டாம், அது பூர்த்தூவின் தட்டில் நிற்க வேண்டியது. மாறாக, லண்டனின் கோர்சிகா பட்டறை கட்டிய புகாட்டி 57எஸ் ரோட்ஸ்டரை, எவ்வளவு அழகானதாக இருந்தாலும், நான் தனியே வைத்திருக்கிறேன்.

போலன் நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து இரகசியமாகப் பணியாற்றினார். 1942 மார்ச் 21 அன்று பாரிசை அடுத்த மோன் வலேரியன் கோட்டையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே நாளில் அங்கே கொல்லப்பட்டவர்களுள் பாடி கட்டும் தொழிலில் பெயர் பெற்ற ஜாக் கெல்னரும் ஒருவர். பூர்த்தூ தட்டையும் கெல்னர் தட்டையும் நான் அடுத்தடுத்து வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

சவுட்சிக்கின் பட்டறையிலிருந்து ஒன்றை மட்டும் சொல்ல வேண்டுமானால், 1938-இல் ஆந்த்ரே துபோனே தம் மறைந்த மனைவியின் பெயரால் கட்டுவித்த ஹிஸ்பானோ-சுய்ஸா ஸேனியா. வளைந்து சுற்றி வரும் முன்கண்ணாடி, வெளியே வந்து பின்னோக்கி இணையாக நகரும் கதவுகள், விமானத்தின் வாலைப் போன்ற பின்பகுதி என, ஜான் ஆந்த்ரோ வரைந்த வடிவம் அது. இதன் மாதிரி 1:43 ரெசினில், அதாவது வார்த்து இறுகச் செய்த செயற்கைப் பிசினில், வந்திருக்கிறது; கதவு திறக்காது என்பதால் காரின் பாதி அதிசயம் மறைந்தே இருக்கும் என்று தெரிந்தேதான் வாங்க வேண்டும். விமானம் கட்டியவரான கேப்ரியல் வுவாசனின் கார்களுக்கு இதே சிக்கல் வேறு விதத்தில் வரும். 1934-இன் சி25 ஏரோடினில் உள்ளே விரித்த, ஆர்ட் டெகோ எனப்படும் அக்காலத்து வடிவியல் அலங்காரப் பாணித் துணியே காரின் ஆன்மா. சிறிய மாதிரியில் அந்தத் துணியின் கோலத்தை எவ்வளவு நேர்மையாக அச்சிட்டிருக்கிறார்கள் என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துச் சன்னல் வழியே பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

செய்பவர்களைப் பற்றிச் சுருக்கமாக. சொலிடோவின் பொற்காலத் தொடர், இத்தாலியின் ரியோ ஆகியவை பழைய 1:43 டைகாஸ்ட், அதாவது அச்சில் வார்த்த உலோக மாதிரிகள். விலை எளிது, கையில் எடுத்தால் கனமாக இருக்கும், நுணுக்கம் குறைவு, ஆனால் விகிதம் பல நேரம் நன்றாகவே இருக்கும். மேட்ச்பாக்ஸ் யெஸ்டர்இயர் தொடரின் ரோயாலும் 1938 ஹிஸ்பானோவும் 1:43 அல்ல, சற்றுச் சிறியவை. மினிசாம்ப்ஸ், ஸ்பார்க், மேட்ரிக்ஸ் ஆகியவை இன்றைய ரெசின் மாதிரிகள். குறைந்த எண்ணிக்கையில் வார்க்கப்படுவதால் அரிய பாடிகள் இவற்றில்தான் கிடைக்கும். கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்டில் 2010 முதல் 2024 வரை இயங்கிய முல்லின் அருங்காட்சியகத்தின் கார்களை வைத்து மினிசாம்ப்ஸ் ஒரு தொடரே செய்தது. எந்தக் காரைப் பார்த்துச் செய்தது என்பது ஐயமின்றித் தெரிவதால் தொடங்குபவருக்கு அது மிகவும் ஏற்றது. 1:18-இல் சிஎம்சி, ஆட்டோஆர்ட் இரண்டின் அட்லாண்டிக்கும் பார்க்கத் தக்கவை. கையால் ஒட்டிச் செய்ய விருப்பமிருந்தால் பிரான்சின் ஹெல்லர் 1:24-இல் வெளியிட்ட டெலாஹே 135, ஹிஸ்பானோ கே6, புகாட்டி டி50 ஆகியவற்றைத் தேடுங்கள். ஒரு பாடியின் பாகங்களைத் தனித்தனியே கையில் எடுத்துப் பொருத்தும்போது கிடைக்கும் புரிதல் வாங்கி வைப்பதில் கிடைக்காது.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அக்காலத்து அலங்கார அணிவகுப்புகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்து நிறத்தை ஊகிப்பவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள். ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் சிவப்பை உணராது. அதில் சிவப்புக் கார் ஏறக்குறைய கறுப்பாகவும், நீலக் கார் வெளிறியும் தெரியும். ஆகவே படத்தைவிடப் பட்டறையின் பதிவோ, மீட்டெடுக்கும்போது அடியில் கிடைத்த பழைய பெயின்டின் சுவடோ நம்பத் தகுந்தது.

இனிப் பாதுகாப்பு. டைகாஸ்ட் மாதிரிகள் துத்தநாகக் கலவையால் ஆனவை. அந்தத் துத்தநாகத்தில் ஈயமோ, தகரமோ, காட்மியமோ சிறிதளவு கலந்துவிட்டால், உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஓடி, ஆண்டுகள் போகப் போக வெடிப்பு விட்டு, கடைசியில் விரலால் தொட்டால் உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மைக் கார்களில் இது மிகுதி. ஈரக் காற்று அதை விரைவுபடுத்தும், மருந்து கிடையாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றாது என்பது மட்டும் ஆறுதல். பழைய கார் வாங்கும்போது அடித்தளத்தில் மயிரிழை வெடிப்போ, பெயின்டின் அடியில் கொப்புளமோ, அச்சு வளைவோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

கைவினைஞர்கள் வார்த்த வெள்ளை உலோக மாதிரிகளுக்கு எதிரி வேறு. அவற்றில் ஈயம் உண்டு. புதிய மரமும் பிளைவுட்டும் வெளிவிடும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக்கும். இதை நான் அனுபவத்தில்தான் கற்றேன். புதிதாகச் செய்வித்த பிளைவுட் அலமாரியில் எனக்கு மிகப் பிடித்த வெள்ளை உலோக டெலாஜ் ஒன்றை வைத்துக் கதவை இறுக மூடிவிட்டேன். ஓராண்டு கழித்து எடுத்தபோது காரின் நிழல் விழும் இடத்தில் தட்டின்மேல் மாவு தூவியது போல ஒரு படலம் இருந்தது. தூசி என்று துடைத்துவிட்டுக் காரைத் திருப்பினேன், அடிப்பகுதி முழுவதும் பூத்திருந்தது. முன் அச்சின் பிடிப்பு கையோடு வந்துவிட்டது. அன்று முதல் கண்ணாடியும் உலோகமும் கொண்ட அலமாரி மட்டுமே பயன்படுத்துகிறேன்.

கடலோர ஊரில் ஈரப்பதத்தை ஐம்பது விழுக்காட்டுக்கு அருகில் வைத்திருக்க முடிந்தால் போதும். ஒரு சிறிய ஈரப்பதமானியை அலமாரிக்குள் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை நிறம் மாறும்போதெல்லாம் சூடாக்கி மீண்டும் பயன்படுத்துங்கள். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். பெயின்ட் வெளிறுவதோடு ரெசின் பாடி வெப்பத்தில் வளையும். டயர்களில் உள்ள மென்மையூட்டி எண்ணெய், நாளடைவில் பிளாஸ்டிக் மேடையைக் கரைத்து ஒட்டிக்கொள்ளும். டயருக்கு அடியில் மெல்லிய பாலியெஸ்டர் தாளை நறுக்கி வைப்பது நல்லது, பெரிய 1:18 மாதிரிகளுக்குச் சேசிஸின் அடியில் சிறு முட்டுக் கொடுத்து டயர்மீது பாரம் விழாமல் செய்வது இன்னும் நல்லது. பெட்டியிலேயே வைப்பவர்கள், பெயின்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் உறையையும் நுரைப் பஞ்சையும் எடுத்துவிட்டு அமிலமற்ற மெல்லிய தாளைச் சுற்ற வேண்டும். நம் வெப்பத்தில் அவை பெயின்டோடு ஒட்டிக்கொள்ளும். வெறுங்கையால் குரோமியத்தைத் தொடாதீர்கள். ஹிஸ்பானோவின் மூக்கில் இருக்கும் பறக்கும் நாரை, அதாவது முதல் உலகப் போரில் பிரெஞ்சு விமானி கீனெமேர் பறந்த விமானப் படைப்பிரிவின் சின்னம், 1:43-இல் சில மில்லிமீட்டர்தான்; துணியால் துடைத்தால் துணியோடு போய்விடும். மென்மையான ஓவியத் தூரிகை ஒன்று போதும்.

வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது சுங்க வரியையும் கூரியர் கட்டணத்தையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள். அனுப்புபவரிடம் அடித்தளத் திருகுகளைக் கழற்றாமல் அனுப்பச் சொல்லுங்கள்; மேடையோடு பூட்டியிருக்கும் மாதிரி வழியில் உடைவது குறைவு.

தொடக்கத்துக்கு ஒரு நீர்த்துளி டால்போ, ஒரு அட்லாண்டிக், ஒரு போலன் வரைந்த கார், ஒரு வுவாசன் ஆகிய நான்கையும் தேடுங்கள் என்பேன். இந்த நான்கும் ஒன்றுக்கொன்று விலகிய நான்கு மனங்களைக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட்டு, சேசிஸ் எண், பாடி கட்டியவர், எந்த ஆண்டின் நிலை, நீங்கள் அளந்த அச்சிடைத் தூரம், வாங்கிய நாள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். உங்களிடம் இருக்கும் மூன்று சொலிடோக்களுக்கு மீண்டும் பெயின்ட் அடிக்க வேண்டாம், தேய்ந்த குரோமியத்தையும் மாற்ற வேண்டாம். அவற்றுக்கான அட்டைகளை முதலில் எழுதுங்கள்; எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்தக் கடையில் வாங்கினார் என்பதைப் பெரியப்பாவிடம் இப்போதே கேட்டு, முடிந்தால் அவர் கையாலேயே எழுதி வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.